காயக்கடையில் நடந்த ராஜாங்க சிநேகம்

அப்கானிஸ்தானத்தோடு நடந்த சண்டை தீர்ந்து, உடன்படிக்கையில் கையெழுத்தும் ஆகி, இரண்டு வருஷம் சும்மா இருந்த பிறகு, மலைமேல் குளிரில் உட்கார்ந்திருந்த மேலிடத்துக்கு ஒரு யோசனை உதித்தது. சண்டையை எவ்வளவு ஒழுங்காக நடத்தினோமோ அவ்வளவு ஒழுங்காகச் சிநேகத்தையும் நடத்த வேண்டும் என்பதுதான் அது. ஆகவே, பட்டாளம் எந்தெந்த ஊரில் முகாம் போட்டிருக்கிறதோ அந்தந்த ஊரில் வசிக்கும் அப்கானியர்களைக் கண்டுபிடித்து, அவர்கள் இருப்பிடம் சென்று, அன்னியோன்னியமாகப் பழகி, பழகிய விவரத்தை மூன்று பிரதிகளில் அனுப்பி வைக்குமாறு சுற்றறிக்கை கிளம்பிற்று.

ரங்கூன் பட்டாளத்தில் இந்த வேலை காப்டன் டிம்மன்ஸ் துரையின் தலையில் விழுந்தது. துரைக்கு வயது இருபத்தொன்பது. சீமையிலிருந்து வந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. நல்ல மனிதர். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பின்னால் நடந்த அத்தனை கூத்துக்கும் அவருடைய நல்ல குணமே காரணம். கெட்ட துரையாக இருந்திருந்தால் பேசாமல் கிளப்பில் உட்கார்ந்துகொண்டே அறிக்கை எழுதி அனுப்பியிருப்பார். யாருக்கும் ஒரு கஷ்டமும் வந்திராது.

அப்கானியரைத் தேடும் படலம் ஒரு மாதம் நடந்தது. ரங்கூனில் தாடியும் முண்டாசுமாகப் பட்டாணியர்களுக்குப் பஞ்சமில்லை. அலோன் கிடங்குகளின் வாசலில் காவல் நிற்பவர்களில் பாதிப் பேர் அவர்கள்தான். ஆனால் விசாரித்துப் பார்த்தபோது அத்தனை பேரும் எல்லைக்கு இந்தப் பக்கத்தில் பிறந்தவர்கள், அதாவது ஏற்கெனவே சர்க்காரின் பிரஜைகள் என்று தெரிந்தது. பிரஜைகளோடு சிநேகமாக இருக்கும்படி உத்தரவு இல்லை. அவர்களைக் கழித்தது போக மிச்சம் நின்றவர் ஒரே ஒருவர். மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில் ரயில்பாதை ஓரமாகப் பெருங்காயக் கடை வைத்திருந்த ஷேர்தில் கான்.

அடுத்தபடி, துரைக்கும் கானுக்கும் நடுவே பேச ஒரு துபாஷி வேண்டியிருந்தது. தலைமைக் குமாஸ்தா பழனியப்பன் அரை நிமிஷத்தில் ஆளைக் கண்டுபிடித்துவிட்டார். நகல் எழுதும் பிரிவில் இருந்த சாதிக் பாட்சா.

"சார், எனக்குத் தமிழும் பர்மாவும் இங்கிலீசும்தான் தெரியும். நான் நாகூர்க்காரன். காபூல் எந்தத் திசையில இருக்குன்னுகூடத் தெரியாது" என்றார் சாதிக் பாட்சா.

"ஓய், நீர் முஸ்லிமா இல்லையா?"

"முஸ்லிம்தான்."

"அந்தக் கானும் முஸ்லிம்தானே? பிறகு என்ன? ஒரே மார்க்கத்துக்காரர் ரெண்டு பேர் பேசிக்க முடியாதுன்னு நான் எழுதினா மேலே சிரிக்க மாட்டாங்களா?"

"நான் வேணும்னா தெரியாதுன்னு எழுதிக் கொடுத்துடறேன் சார்."

"தாராளமா எழுதும். எழுதினா உம்ம விவரக்குறிப்பை மறுபடி எடுக்கணும். எடுத்தா அதோட சேத்து வச்சிருக்கிற லீவு மனுவையும் மறுபடி பரிசீலிக்கணும். எழுதறீரா?"

சாதிக் பாட்சா எழுதவில்லை. ஆறு வருஷமாக ஊருக்குப் போகாமல் சேர்த்து வைத்த லீவு அது. அவர் கப்பலேறும்போது பன்னிரண்டு வயதாக இருந்த மகள் நூருன்னிசாவுக்கு இப்போது நிக்காஹ் நிச்சயமாகியிருந்தது. வரும் சனிக்கிழமை பதினொரு மணிக்கு நாகப்பட்டினம் கப்பல். அதில் ஏறினால் நிக்காஹ்வுக்கு இரண்டு நாள் முன்னதாகக் கரையில் இறங்கலாம். அதற்கு அடுத்த கப்பல் பதினைந்து நாள் கழித்து. மனைவி ஹாஜரா கடிதத்தில் சுருக்கமாக எழுதியிருந்தாள்: "நீங்கள் வராவிட்டால் உங்கள் தம்பி, பெண்ணுக்கு வாப்பா இடத்தில் உட்கார்ந்து நடத்தி வைப்பார். அதற்கப்புறம் நீங்கள் ரங்கூனிலேயே சௌகரியமாக இருந்துகொள்ளலாம்."

அன்று செவ்வாய்க்கிழமை. கானைப் பார்க்கப் போவது அன்று நாலு மணிக்கு. ஒரு மணி நேர வேலை. சனிக்கிழமைக்கு இன்னும் எவ்வளவோ நேரம் இருந்தது.

கடை என்றால் முன்பக்கம் ஒரு பலகைமேடை, பின்பக்கம் ஓர் அறை. தோல் பைகளில் காயம், ஒரு மூட்டை பாதாம், ஒரு தராசு. வாசலுக்கு வருமுன்பே மூக்கில் ஏறும் வாசனை. துரை தொப்பியைக் கழற்றி, நெஞ்சில் கை வைத்துக் குனிந்தார். ஆறடி இரண்டங்குலம் இருந்த கான் எழுந்து வந்து, துரையை விட்டுவிட்டுச் சாதிக் பாட்சாவைப் பார்த்து வாய் நிறையச் சொன்னார்:

"அடி ஆத்தீ! வாங்க அண்ணே, வாங்க. தொரையும் வந்துருக்காகளா? உக்காருங்க. வீட்ல புள்ளகுட்டி எல்லாம் சொகமா? என்னா இப்பிடி எளைச்சுப் போயிட்டீக?"

சாதிக் பாட்சாவுக்கு உயிர் வந்தது. கான் இருபத்திரண்டு வருஷமாகக் காயம் விற்றதெல்லாம் இன்சீன் ரயில் பட்டறைக் குடும்பத்துப் பெண்களுக்கு. தமிழ் கற்றதும் அவர்களிடம்தான். ஆகவே மீசையைத் தவிர மற்ற விதத்தில் அவர் பேச்சு சுத்தமான தென்சீமைப் பெண்பிள்ளைப் பேச்சாக இருந்தது.

"பாய், துரை பக்கத்துல இருக்காரு. உங்க பாஷையில நாலு வார்த்தை பேசுங்களேன்" என்று கெஞ்சினார் சாதிக் பாட்சா.

"அது எங்கண்ணே இருக்கு? பேச ஆளில்லாம துருப்புடிச்சுக் கெடக்கு. எங்க அம்மா மொகத்த நெனச்சாக்கூட அவுக தமிழ்லதேன் பேசுறாக" என்றார் கான்.

துரை குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார்: 'அப்கானிய மொழி செவிக்கு இனியது. பெரும்பாலான சொற்கள் "ண்ணே" என்று முடிகின்றன.'

முதல் ஒரு மணி நேரம் அருமையாகப் போயிற்று. தேநீர் வந்தது, ரொட்டி வந்தது, பாதாம் வந்தது. துரை அரசாங்கத்தின் அன்பைத் தெரிவித்தார். கான் அரசாங்கத்தின் பிள்ளைகுட்டிகளை விசாரித்தார். ஐந்து மணி ஆயிற்று. துரை எழுந்திருக்கவில்லை. ஆறு ஆயிற்று. அப்போதும் எழுந்திருக்கவில்லை. கான் மறுபடியும் தேநீர் வைத்தார்.

துரையிடம் ஒரு கையேடு இருந்தது. அப்கானியரைத் துப்பாக்கிக் குறியின் வழியாகப் பார்த்து அனுபவப்பட்ட யாரோ ஒரு பெரியவர் லண்டனில் உட்கார்ந்து எழுதியது. அதில் பதினான்காம் விதி: 'வீட்டுக்காரர் எழுந்து நின்று, வாசலைக் கையால் காட்டி விடை கொடுக்கும் வரை விருந்தாளி எழுந்திருக்கலாகாது. எழுந்தால் வீட்டுக்காரரின் வம்சத்தையே அவமதித்ததாகும். முன்னர் ஒரு யுத்தம் இக்காரணத்தால் மூண்டிருக்கலாம் என்று கருத இடமுண்டு.'

சாதிக் பாட்சா இதைப் படித்துவிட்டுக் கானிடம் போனார்.

"பாய், கொஞ்சம் எந்திரிச்சு வாசலைக் காட்டுங்க. துரை போயிடுவாரு."

கான் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். "தௌபா! வந்த விருந்தாளியப் போன்னு சொல்ற கை எங்க வம்சத்துல இல்லண்ணே. எங்க மாமா வீட்டுக்குத் தண்ணி குடிக்க வந்த ஒரு ஆளு மூணு வருசம் இருந்தாரு. ஒரு வார்த்தை சொல்லலையே! கடைசியில எங்க மாமா மகளக் கட்டிக்கிட்டாரு."

"அப்ப துரை எந்திரிக்கவே மாட்டாரே!"

"அவுக எந்திரிக்கும்போது எந்திரிக்கட்டும். எனக்கு முந்தி அவுக எந்திரிக்கணும். அதுதேன் மொறை."

சாதிக் பாட்சா துரையிடம் திரும்பி, மனசாட்சியைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, "கான் தங்களுக்கு முழு மனதோடு விடை கொடுக்கிறார், சார்" என்று மொழிபெயர்த்தார்.

துரை புன்னகை செய்தார். "ஆனால் அவர் உட்கார்ந்துகொண்டல்லவா இருக்கிறார்? பதினைந்தாம் விதியைப் பாருங்கள். வாயால் கொடுக்கும் விடை வெறும் உபசாரம். அதை நம்புகிறவன் மூடன்."

அதற்குமேல் யாரும் எதுவும் செய்ய முடியவில்லை. இரண்டு பக்கமும் மகா மரியாதைக்காரர்கள். இரண்டு பேருக்கும் இடுப்பு வலித்தது. ஒருவர் மரியாதையை ஒருவர் கெடுக்கக் கூடாதென்று இருவரும் உட்கார்ந்தே இருந்தார்கள். 'சந்திப்பு தொடர்கிறது' என்று துரை ஒரு சீட்டு எழுதி ஆபீசுக்கு அனுப்பினார். ஆபீசிலிருந்து ஒரு கட்டிலும் கொசுவலையும் துரையின் சவர சாமானும் வந்து சேர்ந்தன. துபாஷிக்குக் கட்டில் அனுப்பும் விதி இல்லாததால் சாதிக் பாட்சா பாதாம் மூட்டைமேல் படுத்துக்கொண்டார்.

புதன்கிழமை காலையில் பழனியப்பன் நேரில் வந்தார். அவர் பின்னால் இரண்டு கூலிகள் ஒரு மேஜையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

"காப்டன் துரை எங்கே உட்கார்ந்திருக்கிறாரோ அதுதான் ஆபீஸ். இது பழைய தீர்மானம். ஆகவே இன்று காலை பத்து மணியிலிருந்து இந்த இடம் 'அயல்நேசத் தொடர்பு உபகாரியாலயம்' என்று வழங்கப்படும்" என்று சொல்லி ஒரு பலகையை வாசலில் மாட்டச் சொன்னார். அரைக்கால் சட்டையும் சிவப்புப் பட்டையுமாக மாரிச்சாமி என்ற சேவகன் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டான்.

பத்தரை மணிக்கு இன்சீன் ரயிலில் வந்து இறங்கினாள் பவுனம்மாள். ரயில் பட்டறையில் பிட்டர் வேலை பார்ப்பவனின் மனைவி. கானுக்குத் தமிழ் கற்றுக் கொடுத்ததில் பெரும் பங்கு அவளுடையது.

"யாரைப் பாக்கணும்?" என்றான் மாரிச்சாமி.

"யாரையும் பாக்க வேணாம். ஒரு துண்டு காயம் வேணும்."

"காயம் எந்த விஷயமா?"

"சாம்பார் விஷயமாத்தான். வேற எதுக்கு?"

"அப்கானிய நாட்டாரோட நடத்துற எந்தக் கொடுக்கல் வாங்கலும் துரை பார்வைக்குப் போகணும். பேரு, புருசன் பேரு, வந்த காரியம் எழுதிக் குடுத்துட்டுப் போ. உத்தரவு வீட்டுக்கு வரும்."

"உத்தரவு வர்றதுக்குள்ள பருப்பு கரிஞ்சு போயிடுமேடா! கான் பாயி, என்னய்யா இது அநியாயம்?"

உள்ளே கான் எழுந்திருக்கப் பார்த்தார். எழுந்தால் விடை கொடுத்ததாக ஆகிவிடுமே என்று பயந்து மறுபடி உட்கார்ந்துவிட்டார். "மன்னிச்சுக்க ஆத்தா, வீட்ல விருந்தாளி இருக்காக" என்று உட்கார்ந்தபடியே குரல் கொடுத்தார். பவுனம்மாள் போகிற வழியெல்லாம் திட்டிக்கொண்டே போனாள். அன்று இன்சீனில் ஏகப்பட்ட வீடுகளில் சாம்பார் மணக்கவில்லை.

வியாழக்கிழமை விஷயம் ஊரில் பரவி நாகரிகமாக மாறிவிட்டது. ஒரு துரை தம்முடைய பங்களாவை விட்டுவிட்டு ஓர் அப்கானியரோடு வாசம் செய்கிறார் என்றால் அதில் ஏதோ இருக்கத்தான் வேண்டும் என்று துரைசானிகள் முடிவு செய்தார்கள். குடை பிடித்துக்கொண்டு மோட்டாரில் வந்து இறங்கி, கானைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "எத்தனை இயற்கையாக இருக்கிறார்!" என்று வியந்தார்கள். ஒரு துரைசானி காயத்தைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு போய் கிளப்பில் நாட்டியத்துக்குப் போன இடத்தில் அடிக்கடி முகர்ந்தாளாம். மறுநாள் எல்லாத் துரைசானிகள் கையிலும் அந்த முடிச்சு இருந்தது. நாட்டிய மண்டபத்தின் ஜன்னல்களையெல்லாம் மழை என்றும் பாராமல் திறந்து வைத்தார்கள்.

துரைசானிகள் செய்ததை நம்மவர்கள் செய்யாமல் இருப்பார்களா? முனிசிபல் கண்டிராக்டரும் ரங்கூன் தமிழர் முன்னேற்ற சபையின் தலைவருமான நல்லையா, தலையில் பத்துச் சுற்று முண்டாசும், உடம்பில் ஆட்டுத்தோல் அரைச்சட்டையுமாக வந்து சேர்ந்தார். ரங்கூன் புழுக்கத்தில் ஆட்டுத்தோலைப் போட்டுக்கொண்டு அவர் நின்ற நிலையைப் பார்த்துச் சாதிக் பாட்சாவுக்குக் கண்ணில் நீர் வந்தது.

"என்னங்க இது கோலம்?" என்றார்.

"நாமளும் துரைமாரோட மனசுக்கு ஒத்துப் போகணுமில்லையா? நம்ம சபையில நேத்து ஒரு தீர்மானம் போட்டோம். தமிழனுக்கும் அப்கானியனுக்கும் பூர்வீகத்துலயே ஒரு சம்பந்தம் இருக்குன்னு."

"என்ன சம்பந்தம்?"

"அதைக் கண்டுபிடிக்கத்தான் ஒரு கமிட்டி போட்டிருக்கு" என்று சொல்லிக் கழுத்தைச் சொறிந்துகொண்டார் நல்லையா. அவருக்கு வேர்க்குரு அப்போதே ஆரம்பமாகியிருந்தது.

சாதிக் பாட்சா பழனியப்பனின் மேஜையருகே போய் நின்றார். "சார், சனிக்கிழமை எனக்குக் கப்பல்."

"தெரியும். லீவு உத்தரவு கையெழுத்தாகி இதோ இருக்கு. 'நடப்பு வேலை முடிந்தபின் அமலுக்கு வரும்'னு கடைசி வரியில போட்டிருக்கே, அதையும் படிச்சீரா?"

"நடப்பு வேலை எப்ப முடியும் சார்?"

"துரை எந்திரிச்சா முடியும்."

"எம் பொண்ணு நிக்காஹ் சார். ஆறு வருஷமாச்சு அவளைப் பாத்து."

பழனியப்பனுக்கும் ஒரு மகள் இருந்தாள். ஒரு கணம் அவர் பேனா நின்றது. பிறகு, "விதியில பொண்ணைப் பத்தி ஒண்ணும் இல்லையே, பாட்சா" என்று வருத்தமாகவே சொன்னார். அந்த வருத்தம் உண்மையானது. அதனால் பிரயோசனம் ஒன்றுமில்லை என்பதுதான் கஷ்டம்.

வெள்ளிக்கிழமை ஜும்மா. தொழுகைக்குப் போவது விடை கொடுப்பதாகாது என்று கையேட்டின் பிற்சேர்க்கையில் இருந்தபடியால் கானும் சாதிக் பாட்சாவும் பள்ளிக்குப் போய்த் திரும்பினார்கள். வாசலில் மாரிச்சாமி கையை நீட்டிக் கானைத் தடுத்தான்.

"யாரைப் பாக்கணும்?"

கான் சிரித்தார். "என்னயத்தேன் பாக்கணும். தள்ளிக்கடா ராசா."

"பாஸ் இருக்கா?"

"ஏங் கடைக்கு நான் வர்றதுக்குப் பாஸா?"

சத்தம் கேட்டுப் பழனியப்பன் எட்டிப் பார்த்தார். "கடை இல்லை, ஆபீஸ். சேவகன் செய்தது சரி. ஷேர்தில் கான், நீர் இங்கே இப்போ வருகையாளர். வருகையாளர் பெஞ்சில் உட்காரும், கூப்பிடுவோம்."

"ஐயா, இது ஏங் கடைய்யா!"

"எப்படி உம்முடையதாகும்? வாடகைச் சீட்டை நான் பார்த்தாச்சு. நீர் வாடகைக்காரர். வீட்டுக்காரர் இல்லையே!"

கானின் சிரிப்பு நின்றுபோயிற்று. தம்முடைய பெஞ்சியிலேயே வருகையாளராக உட்கார்ந்தார். முழங்காலைக் கட்டிக்கொண்டார். அவ்வளவு பெரிய உடம்பு எப்படி அவ்வளவு சின்னதாக மடங்கிற்று என்று தெரியவில்லை. "பரவால்லண்ணே, விருந்தாளி மனசு கோணாம இருந்தாச் சரி" என்று மட்டும் சொன்னார். நாலு நாளாகத் தம்முடைய கப்பலைப் பற்றி மட்டுமே நினைத்துக்கொண்டிருந்ததற்குச் சாதிக் பாட்சாவுக்கு வெட்கமாக இருந்தது. அவர் அன்று முழுவதும் பழனியப்பன் சொன்ன கடைசி வாக்கியத்தையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு, சவரம் செய்துகொண்டிருந்த துரையின் முன்னால் போய் நின்றார்.

"சார், பதினான்காம் விதியில் விடை கொடுக்க வேண்டியவர் யார்?"

"வீட்டுக்காரர்."

"ஷேர்தில் கான் வீட்டுக்காரர் அல்ல, வாடகைக்காரர் என்று தலைமைக் குமாஸ்தா நேற்றுத் தீர்ப்புச் சொல்லியிருக்கிறார். அப்படியானால் நாம் நாலு நாளாகத் தவறான ஆளிடம் விடையை எதிர்பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்."

துரையின் கத்தி கன்னத்தில் நின்றது. கையேட்டை எடுத்துப் படித்தார். பழனியப்பனைக் கூப்பிட்டார். பழனியப்பன் தம் தீர்ப்பைத் தாமே மறுக்க வழியில்லாமல் தலையாட்டினார். துரையின் முகத்தில் நாலு நாளில் முதல் முறையாக நம்பிக்கை தெரிந்தது.

"வீட்டுக்காரர் எங்கே இருக்கிறார்?"

"தலைக்கு மேலே, சார்" என்றார் சாதிக் பாட்சா.

மாடியில்தான் இருந்தாள் வீட்டுக்காரி டோ மியயின். ஐம்பது வயது பர்மியப் பெண்மணி, வாயில் சுருட்டு, கையில் பனையோலை விசிறி. நாலு நாளாகக் கீழே நடந்த மேஜை, மோட்டார், துரைசானி, ஆட்டுத்தோல் எல்லாவற்றையும் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. மாடிப்படி வீட்டின் பின்பக்கம் இருந்ததால் அவர்களுக்கு அது தெரியாமல் போயிருக்கலாம்.

சாதிக் பாட்சா படியேறிப் போய், வணக்கம் சொல்லிப் பர்மிய மொழியில் விஷயத்தை விளக்கினார்.

"கான் என்னிடம் வாடகைக்கு இருக்கிறவன். சரி. அந்தத் துரை யார்?" என்று கேட்டாள்.

"கானின் விருந்தாளி."

"மேஜை போட்டிருக்கிறவர்?"

"துரையின் குமாஸ்தா."

"வாசலில் ஸ்டூல் போட்டிருக்கிறவன்?"

"குமாஸ்தாவின் சேவகன்."

"ஆட்டுத்தோல்?"

"அவர் துரையைப் பார்த்துவிட்டு வந்தவர்."

"நீ?"

"நான் இவர்களுக்கு நடுவில் பேச வந்தவன், டோ மியயின்."

"ஆக, ஒருவனைப் பார்த்து ஒருவன் வந்தீர்கள். இப்போது என்ன வேண்டும்?"

"போவதற்கு விடை வேண்டும்."

டோ மியயின் வாயிலிருந்து சுருட்டை எடுத்துவிட்டு, கேலி செய்கிறானோ என்று அவர் முகத்தைக் கூர்ந்து பார்த்தாள். "போவதற்கா? இந்த ஊருக்கு வரும்போது எங்களை யாரும் கேட்டதில்லை. போகும்போதாவது கேட்கத் தோன்றியதே, சந்தோஷம். துரைக்கு மட்டும் போதுமா, எல்லாருக்குமா?"

சாதிக் பாட்சா கடிகாரத்தைப் பார்த்தார். மணி எட்டு. டெக் பிரயாணிகள் டாக்டர் சோதனைக்கு ஒன்பதரைக்குத் துறையில் நிற்க வேண்டும். "உங்கள் இஷ்டம்" என்றார்.

அவள் கீழே வந்தாள். வாசலில் நிமிர்ந்து நின்றாள். விசிறியால் தெருவைக் காட்டி, உரக்க, நிதானமாகச் சொன்னாள்: "வந்தவர்கள் எல்லாரும் அவரவர் ஊருக்குப் போகலாம். நான் தடுக்கவில்லை."

"என்ன சொல்கிறார்?" என்றார் துரை.

"பூரணமாக விடை கொடுக்கிறார், சார்" என்றார் சாதிக் பாட்சா. அந்த நாலு நாளில் அவர் உண்மையாக மொழிபெயர்த்தது ஏறக்குறைய அது ஒன்றுதான்.

"எவ்வளவு பெருந்தன்மை!" என்று நெகிழ்ந்துபோய் எழுந்த துரைக்கு முழங்கால் மடக்கிக்கொண்டது. இரண்டு பேர் பிடித்து நிறுத்தினார்கள். அவர் சலாம் வைத்தார். கான் பெஞ்சியிலிருந்து துள்ளி எழுந்து, "இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டுப் போகலாமுல்ல தொரை?" என்று மனதார உபசாரம் செய்தார். சாதிக் பாட்சா அதை மொழிபெயர்க்கவில்லை.

பழனியப்பன் ஒரு காகிதத்தை நீட்டி, சொன்னதை எழுத்தில் தரும்படி கேட்டார். டோ மியயின் சொன்னதை அப்படியே வட்டவட்டமான பர்மிய எழுத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். படிக்கத் தெரியாவிட்டாலும் பழனியப்பன் அதை மரியாதையாக வாங்கி முத்திரை குத்தி அறிக்கையோடு சேர்த்து மேலிடத்துக்கு அனுப்பிவிட்டார். மேலிடத்திலும் அதைப் படிக்கத் தெரிந்தவர் யாரும் இல்லை. ஆகவே பரம திருப்தி தெரிவித்துப் பதில் வந்தது. உள்ளூர் ஜனங்களே எழுதிக் கொடுத்த நன்மதிப்புப் பத்திரம் என்று அதைக் கண்ணாடி போட்டு ஆபீஸ் சுவரில் மாட்டினார்கள். காப்டனுக்கு உயர்வு கிடைத்தது. கடையிலிருந்து துரை எழுந்து போனாலும் மேஜையை எடுக்க உத்தரவு வராததால் மேஜையும், மேஜைக்குக் காவலாக மாரிச்சாமியும் கடையிலேயே தங்கிவிட்டார்கள். அவனையும் விருந்தாளியாகக் கணக்கில் எடுத்துக்கொண்டு கான் வேளாவேளைக்குத் தேநீர் வைத்தார். நல்லையா வேர்க்குரு ஆறியதும் அடுத்த நாகரிகத்துக்குக் காத்திருந்தார். விடை கொடுத்தாகிவிட்டது என்பதற்காக ஊரைவிட்டு ஒருவரும் கிளம்பவில்லை.

சாதிக் பாட்சா ஒருவர்தான் கிளம்பினார். பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு ஓட்டமாக ஓடித் துறைமுகத்தை அடைந்தபோது ஒன்பதே முக்கால். டாக்டர் நாக்கைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். கப்பல் ஏணியடியில் வரிசை நகர்ந்தது. மகளின் முகம் இப்போது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தார். பன்னிரண்டு வயது முகம்தான் வந்தது. அதற்கே அழுகை வந்துவிட்டது.

"ஒருவழி டிக்கெட்டா, போய்வர டிக்கெட்டா?" என்று டிக்கெட்டுக்குக் கையை நீட்டினான் கப்பல் கம்பெனி ஆள்.

"போய்வர" என்றார் சாதிக் பாட்சா.

சொன்ன பிறகுதான் வாசலில் நின்று தெருவைக் காட்டிய அந்த விசிறி நினைவுக்கு வந்தது. அவருக்குச் சட்டென்று வெட்கமாகப் போயிற்று. யாராவது கேட்டுவிட்டார்களோ என்று திரும்பிப் பார்த்தார். பின்னால் நின்றுகொண்டிருந்த நூற்றுச் சொச்சம் பேர் கையிலும் அதே போய்வர டிக்கெட்தான் இருந்தது.